காணாமல் போன அம்மாவை முதலில் தேடுவோம்

செம்பரம்பாக்கத்திலும் நசரத்பேட்டையிலும் தண்டலத்திலும், இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையிலும் குடியிருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், ஷிப்ட் முடித்துவிட்டு வந்து செல்போனைக் கையில் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும், ஆட்டோ ஓட்டும் நண்பர்களுக்கும்,



வயதான அம்மா ஒருவரைக் காணவில்லை என்று நம் தெருக் குழுவில் ஒரு செய்தி வந்தால், அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் ஒரு புகைப்படம் வரும். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டிய முகம். கீழே சேலையின் நிறம், மகனின் செல்போன் எண். ஐந்தாறு பேர் கை கூப்பிய படம் போடுவார்கள். பிறகு ஒருவர், "இது கடத்தல் மாதிரி தெரியுது" என்பார். இன்னொருவர் காலையில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஆம்னி வேன் நின்றதாகச் சொல்வார். "வடக்கத்திக்காரனுங்க ரெண்டு பேர் அந்தத் தெருவுல சுத்திக்கிட்டு இருந்தானுங்க" என்று மூன்றாமவர் எழுதுவார். "காதுல கழுத்துல போட்டிருந்தாங்களா?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கும் பிறகு, மருமகளோடு ஒத்துப்போகாததும் ஊரில் இருக்கும் நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது என்ற தகராறும் வெளியே வரும். இவ்வளவும் எழுதி முடிக்கும்போது ஒரு ஆள்கூட டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்க மாட்டார்.

இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நல்ல மனதோடுதான் இதைச் செய்கிறோம், பதறித்தான் எழுதுகிறோம், தெரியும். ஆனால் யாரோ யாரையோ கடத்திவிட்டார்கள் என்று ஊர் கூடி முடிவு கட்டியதில், நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வயதான அம்மா அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறது. அதில் 65 வயதுள்ள ஒரு அம்மா இருந்தார். கூட வந்த உறவினர்களில் இரண்டு பேர் மலேசியாவிலிருந்து வந்தவர்கள். சொந்த மண்ணின் சாமியைக் கும்பிட வேண்டும் என்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள். வழி சரியாகத் தெரியவில்லை. காரை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டிகள் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய காரியம் அது. வெளியூருக்குக் கிளம்பும்போதே சுருக்குப் பையிலோ கைப்பையிலோ நாலு மிட்டாய் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தானே அவர்கள்.

அந்த வாரங்களில் வட தமிழகம் முழுக்க ஒரு குரல் பதிவும் சில படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்பது அதில் இருந்த சேதி. அதைக் கேட்டிருந்த ஊர்க்காரர்களுக்கு, கார், வெளியூர் ஆட்கள், குழந்தைகள் கையில் சாக்லேட் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்ததுமே முடிவு கிடைத்துவிட்டது. காரில் வந்தவர்கள் பயந்து கிளம்பினார்கள். முன்னால் இருந்த ஊருக்குப் போன் பறந்தது. வழிமறித்தார்கள். காரைக் கவிழ்த்து, உள்ளே இருந்தவர்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். மற்றவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அடித்ததைப் படம் பிடித்தவர்களும் இருந்தார்கள், அந்தப் படமே பிறகு போலீசுக்குச் சாட்சியானது. டஜன் கணக்கில் கைது நடந்தது. கைதுக்குப் பயந்து ஆண்கள் ஓடிப்போனதில் ஊரே வெறிச்சோடியது.

அடித்தவர்கள் தொழில்முறை ரவுடிகள் கிடையாது. விவசாயம் பார்க்கிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்கள். அந்தக் குரல் பதிவை அவர்களுக்கு அனுப்பியவர்களும் அப்படித்தான். "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்று அக்கறையோடு அனுப்பியிருப்பார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் மனநிலை சரியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரை, இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பழவேற்காடும் செம்பரம்பாக்கமும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்.

அந்த வருடம் நாடு முழுக்கவே இது நடந்தது. மே மாதமே பெங்களூரு சாமராஜபேட்டையில், பிழைக்க வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவரைக் கட்டி இழுத்து அடித்துக் கொன்றார்கள். ஜூன் மாதம் அசாமின் கார்பி ஆங்லாங்கில், அருவி பார்க்கப் போன இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், ஊர் ஊராகப் போய் யாசகம் கேட்டு வாழும் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஒரு அறைக்குள் அடைத்து அடித்துக் கொன்றார்கள். இந்த வதந்தியோடு சேர்ந்து சுற்றிய ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பைக்கில் வந்த இரண்டு பேர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் அப்பாவிகள் உயிரைக் குடித்தது.

அதற்குப் பிறகுதான் ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதே ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டம்தோறும் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, ஒருவரின் சாதி, இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக அவரைக் கொன்றால், கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம். பிறந்த இடம், மொழி என்ற இரண்டையும் கவனியுங்கள். நம் பகுதியில் சந்தேகம் எழும்போது முதலில் பார்க்கப்படுவது அந்த இரண்டும்தான்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது நமக்கு விவரம் வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் 2024 பிப்ரவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அதே பிள்ளை பிடிக்கும் வதந்தி திரும்ப வந்தது. பம்மலில் ஒரு திருநங்கையைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். குன்றத்தூர் வழியாகப் போனால் பம்மல் நமக்கு எவ்வளவு தூரம்?

நம் பகுதியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வதந்தி எளிதில் பற்றிக்கொள்ளும் இடமாக நாம் ஆகியிருக்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. கரும்பும் நெல்லும் விளைந்த இடத்தில் இன்று மூன்று மாடி லைன் வீடுகள். ஒரு வீட்டில் விழுப்புரத்துக் குடும்பம், மேல்மாடியில் பீகார் இளைஞர்கள் எட்டுப் பேர், எதிர் வீட்டில் ஒடிசாக்காரர்கள், அடுத்த கட்டிடம் பெண்கள் விடுதி. பக்கத்து அறையில் இருப்பவர் எப்போது வேலைக்குப் போகிறார், எப்போது தூங்குகிறார் என்றே தெரியாது. காலை ஷிப்ட்காரர் கிளம்பும்போது இரவு ஷிப்ட்காரர் திரும்பி வருகிறார். கம்பெனி பஸ்ஸுக்காக ஐந்தரை மணி இருட்டில் ரோட்டோரம் நிற்கும் நூறு பேரில், நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். இப்படி அறிமுகம் இல்லாமல் நெருக்கமாக வாழும் இடத்தில், "யாரோ ரெண்டு பேர் சுத்திக்கிட்டு இருந்தாங்க" என்று சொன்னால் அது எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும். இங்கே எல்லாத் தெருவிலும் எல்லா நேரத்திலும் நமக்குத் தெரியாத இரண்டு பேர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள்.

வதந்தி எதிர்த் திசையிலும் ஓடியிருக்கிறது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடித்துக் கொல்கிறார்கள் என்று பீகார் முழுக்க வீடியோக்கள் பரவின. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் படங்களுக்குத் தமிழ்நாட்டின் பெயரை ஒட்டியிருந்தார்கள். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவித்தார். அன்றைய முதல்வர் ஸ்டாலின், அன்றைய பீகார் முதல்வர் நிதிஷ் குமாரோடு தொலைபேசியில் பேசினார். பீகார் அரசு ஒரு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. வீடியோ பரப்பியதற்காக மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் கைது செய்யப்பட்டார். அதற்குள் ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து கிளம்பியவர்களும் சேர்ந்து ரயில் நிலையங்களை நிறைத்திருந்தார்கள். அந்த வாரங்களில் நம் மேல்மாடியில் இருந்த பிள்ளைகளின் தாய்மார்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ராத்திரி தூங்காமல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள். அவர்களைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். ஒரே கட்டிடத்தில் தண்ணீர் மோட்டாரைப் பங்கு போட்டு வாழும் இரண்டு குடும்பங்களின் செல்போனில், ஒருவரை ஒருவர் கொலைகாரராகக் காட்டும் இரண்டு பொய்கள் ஓடுகின்றன.

வதந்திக்கு நம்மை மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது. 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய், 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கூட இருந்தவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. சில பெண்கள் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று மாவட்ட ஆட்சியரே முன்வந்து காட்ட வேண்டியிருந்தது. யாரும் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் நெரிசலான அறைகளும் கெட்ட சாப்பாடும் உண்மை, பதில் சொல்ல ஆளில்லாததும் உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் நம் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற புரளி ஊரையே ஓடவைத்தது. ஏரி உடையவில்லை. ஆனால் 29,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்துவிட்டபோது அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு நேரத்தோடு தகவல் போய்ச் சேரவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இருந்தால், சொல்லத் தெரியாதவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். ஆகவே காவல்துறைக்கும் இந்த மடலில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது: காணாமல் போன புகார் வந்தால், தேடுதல் எந்த நிலையில் இருக்கிறது என்று நாளுக்கு ஒரு முறையாவது குடும்பத்திடம் சொல்லுங்கள். "பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்ற ஒற்றை வரி போதாது.

நம் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரு வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதம் சிவகிரியில் இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. நகைக்காக வயதானவர்களைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்: இவ்வளவு பெரிய விஷயத்தை ஊகத்தால் கையாளலாமா?

இப்போது, வீட்டை விட்டுப் போன நம் அம்மாவிடம் வருவோம்.

அவர் யார்? பெரும்பாலும் இந்த ஊரில் பிறந்தவர் இல்லை. செஞ்சிப் பக்கமோ கள்ளக்குறிச்சிப் பக்கமோ வந்தவாசிப் பக்கமோ ஒரு கிராமத்தில் அறுபது வருடம் வாழ்ந்தவர். அங்கே அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அடையாளம் இருந்தது. வேப்ப மரத்துக்குப் பக்கத்துச் சந்து, ரேஷன் கடையைத் தாண்டி இரண்டாவது வாசல். கணவர் போன பிறகு மகன் இங்கே கூட்டிவந்து விட்டார். இங்கே பத்து வீடும் ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி படிக்கட்டு, ஒரே கிரீம் பெயிண்ட். மகன் காலை ஷிப்ட், மருமகளும் வேலைக்குப் போகிறவர், பேரப்பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். பகல் முழுக்க அந்த அம்மா தனியாகத் தொலைக்காட்சி முன்னால். பேச ஆள் இல்லை. எதிர் வீட்டுப் பெண் நல்லவர்தான், ஆனால் அவருக்கு ஒடியா தவிர வேறு தெரியாது.

2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நம் வீடுகளில் இதற்கு நோய் என்ற பெயரே கிடையாது. "வயசாயிடுச்சு, சொன்னதையே சொல்றாங்க" என்று விட்டுவிடுகிறோம். இந்த நோய் உள்ளவர்களில் பலர் வீட்டை விட்டு நடந்துபோகிறார்கள். எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் தங்களுக்கு வீடு என்று மனதில் பதிந்திருக்கும் இடத்தைத் தேடித்தான். "சாயங்காலம் ஆச்சு, மாட்டைக் கட்டணும், ஊருக்குப் போறேன்" என்று இரண்டு நாளாக அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்திருப்பார், யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டோம். நாலு மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டு பெங்களூர் ரோட்டுக்கு வருகிறார். பஸ் நிற்கிறது. ஏறிவிடுகிறார். அல்லது பஸ் பிடிக்கத் தெரியாமல் ரோட்டோரமாகவே நடக்கிறார்.

நாம் அந்த நேரத்தில் ஆம்னி வேனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஊகத்தின் முதல் கேடு இதுதான் என்று நினைக்கிறேன். கடத்தல் என்று சொன்னவுடனே, "இனி நம்மால் என்ன செய்ய முடியும், போலீஸ் பார்த்துக்கும்" என்று எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறோம். அவர் நடந்துபோயிருப்பார் என்று எண்ணினால் நமக்கு வேலை இருக்கிறது. ஏரிக்கரை, மதகுப் பக்கம், முள்காடு, கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடங்களின் உள்ளே, காலி மனைகளின் புதர், சர்வீஸ் ரோட்டின் அடியில் இருக்கும் குழாய்ப் பாலம் வரை பார்க்க வேண்டும். இருட்டும் முன் பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் குடிக்காமல் ஒரு பகல் தாங்குவதே அந்த வயதில் பெரிய பாடு. மழைக்காலத்தில் ஏரி 24 அடியை நெருங்கும்போது கரையோரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நிஜமாகவே கடத்தலாக இருந்தால்? அப்போதும் ஊர்ப் பேச்சு கெடுதல்தான் செய்யும். இங்கிலாந்தில் 1969 டிசம்பர் 29 அன்று, லண்டன் விம்பிள்டனில் தன் வீட்டிலிருந்து மியூரியல் மெக்கே என்ற 55 வயதுப் பெண்மணி காணாமல் போனார். கணவர் அலிக் மெக்கே, ரூபர்ட் மர்டாக்கின் பத்திரிகை நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். மர்டாக்கின் மனைவி என்று தவறாக நினைத்துத்தான் அவரைத் தூக்கிப் போனார்கள். பத்து லட்சம் பவுண்டு கேட்டார்கள். செய்தி உடனே பத்திரிகைகளில் வந்துவிட்டது. வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்தது: ஆறுதல் சொல்பவர்கள், விளையாட்டுக்குப் பேசுபவர்கள், நான்தான் கடத்தினேன் என்று பொய் சொல்லிப் பணம் பிடுங்கப் பார்ப்பவர்கள். உண்மையான கடத்தல்காரர்களின் அழைப்பு அந்த இரைச்சலுக்குள்தான் வந்தது. நெதர்லாந்திலிருந்து குறி சொல்பவர் ஒருவரின் யோசனையைக்கூடக் கேட்டார்கள். பத்திரிகை விற்பனைக்காக நடக்கும் நாடகமோ என்று போலீசாரே தொடக்கத்தில் சந்தேகப்பட்டார்கள். குடும்பம் ஒரே நேரத்தில் துக்கத்தையும் அந்தச் சந்தேகத்தையும் சுமந்தது. கடைசியில் ஹொசைன் சகோதரர்கள் இருவர் பிடிபட்டு 1970-ல் தண்டனை பெற்றார்கள். மியூரியல் மெக்கேயின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 2022-லும் 2024-லும் அந்தச் சகோதரர்கள் வாழ்ந்த பழைய பண்ணையைத் திரும்பத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அவருடைய பிள்ளைகள் முதுமையிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஒரு தொலைபேசி. இன்று மகனின் எண்ணை நாம் நாற்பது குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். "உங்க அம்மா எங்ககிட்டதான் இருக்காங்க, ஜிபே பண்ணுங்க" என்று பேசுகிற ஈவிரக்கமற்றவர்களுக்கு அந்த எண் போதும். மகன் அந்த ஒரு அழைப்பை நம்பி, தேடுவதை விட்டுவிட்டு, வேறு ஒரு ஊருக்கு ஓடுவார்.

குடும்பத்தின் மேல் நாம் வீசும் கல்லைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. மருமகள் அடித்தாள், மகன் கையெழுத்துக்காக மிரட்டினான் என்று எழுதும் கை, நாளை அந்த அம்மா திரும்பி வந்த பிறகு அதே மருமகள்தான் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டப் போகிறவள் என்பதை நினைக்க வேண்டும். உண்மையிலேயே கொடுமை நடந்தது என்று நேரில் பார்த்திருந்தால் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள், வாக்குமூலம் கொடுங்கள். அந்தத் தைரியம் இல்லாவிட்டால் குழுவிலும் எழுத வேண்டாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை 112-க்கோ 100-க்கோ போன். இருபத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்று சினிமாவில் கேட்ட பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள், அப்படி ஒரு சட்டம் இல்லை. நாம் இருக்கும் இடம் சிக்கலானது. ஆவடி ஆணையரகம், தாம்பரம் ஆணையரகம், காஞ்சிபுரம் மாவட்டக் காவல் என்று மூன்று எல்லைகள் இந்தச் சில கிலோமீட்டருக்குள் முட்டிக்கொள்கின்றன. "அது எங்க லிமிட் இல்ல" என்று ஒரு நிலையத்தில் சொல்லக்கூடும். கடத்தல் போன்ற குற்றம் நடந்ததற்கு அடிப்படை இருக்கிறது என்றால், எந்த எல்லையாக இருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. அதை மரியாதையோடு எடுத்துச் சொல்ல, கூட இரண்டு பேர் போங்கள். பதறிப்போயிருக்கும் மகனுக்குப் பக்கத்தில் நிதானமாகப் பேச ஒரு ஆள் இருப்பதே பாதி பலம்.

அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் தேட வேண்டும். பூந்தமல்லி பஸ் நிலையம், திருமழிசைக் கோயில்கள், குன்றத்தூர் மலையடிவாரம், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசல் எல்லாம் பாருங்கள். வழி தவறிய வயதானவர்கள் கூட்டமும் விளக்கும் சோறும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவது வழக்கம். அரசு மருத்துவமனைகளில் கேளுங்கள். 108 வண்டி கொண்டுவந்து சேர்த்தவர் பெயர் சொல்ல முடியாத நிலையில் இருந்தால் 'அடையாளம் தெரியாதவர்' என்றுதான் பதிவில் இருப்பார், ஆகவே பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், வயதையும் சேலையையும் சொல்லிக் கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது. அவர் பழைய ஊருக்கும் ஒரு போன் போடுங்கள், அந்த ஊர் டீக்கடையில் சொல்லி வையுங்கள்.

குழுவில் போட வேண்டியது என்னவென்றால்: படம், கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், புகார் கொடுத்த காவல் நிலையத்தின் எண். அவ்வளவுதான். நகை விவரம் வேண்டாம். வீட்டு முகவரி வேண்டாம். சி.சி.டி.வி. காட்சி கிடைத்தால் அது போலீசுக்குப் போகட்டும், குழுவுக்கு வேண்டாம். அதில் தற்செயலாக நடந்துபோகும் ஒரு இளைஞனின் முகத்தைச் சுற்றி யாராவது சிவப்பு வட்டம் போட்டுவிட்டால், அவன் நாளை கம்பெனி பஸ் ஏற வரும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கிடைத்துவிட்டார் என்று தெரிந்தவுடன் அந்தச் செய்தியை எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள். என்றோ வீடு திரும்பிவிட்ட பாட்டியின் படத்தோடு இன்னமும் 'காணவில்லை' செய்திகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நிஜமாகத் தொலைந்தவரின் படம் அவற்றுக்கு நடுவே கவனிப்பார் இல்லாமல் போய்விடுகிறது.

குழு நிர்வாகிகளாக இருப்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். 'கடத்தல்', 'வடக்கத்திக்காரன்', 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று ஆதாரமில்லாமல் வரும் பதிவை அந்த நிமிடமே நீக்குங்கள். போட்டவர் மனம் கோணும் என்று தயங்காதீர்கள். நேரில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று கேளுங்கள். பார்த்திருந்தால் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். கேள்விப்பட்டதுதான் என்றால் அதோடு முடிந்தது.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. அப்படி ஒரு இரவு வந்தால், மேல்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அங்கே இருக்கும் பீகார்ப் பிள்ளைகளிடமும் ஒடிசாப் பிள்ளைகளிடமும் அந்த அம்மாவின் படத்தைக் காட்டுங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் போதும், "மா" என்றால் அவர்களுக்கும் புரியும். ஷிப்ட் விட்டு ராத்திரி பதினொரு மணிக்கும் விடியற்காலையிலும் இந்த ரோடுகளில் நடப்பவர்கள் அவர்கள்தான். எந்தக் குறுக்குச் சந்து எங்கே போய் முட்டுகிறது, எந்தக் கட்டிடத்துக்குக் காவலாளி இல்லை, லாரிகள் நிற்கும் மைதானத்தில் எந்த மூலை இருட்டு என்பதெல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆளுக்கு ஒரு டார்ச்சைக் கொடுத்து, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கூட அனுப்பி, ஏரிக்கரைப் பக்கம் இரண்டு பேர், சர்வீஸ் ரோட்டில் இரண்டு பேர் என்று பிரித்து விடுங்கள்.

அன்புடன்,
செம்பரம்பாக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்